கடைப் பெயரை வெட்டும் எந்திரம். பக்கத்திலேயே மயக்க மருந்து பாட்டில்!

சென்னை:-

சினிமாவில் வில்லன் கைக்குட்டையில் எதையோ ஊற்றுவான். கதாநாயகியின் மூக்கில் வைத்து அமுக்குவான். மறு நொடியே அவள் மயங்கி விழுவாள்.

அந்த "எதையோ" தான் குளோரோபாரம்.

அதே குளோரோபாரம் பெயர்ப்பலகை செய்யும் பட்டறைகளில் சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது. ஆளைக் கடத்துவதற்கு அல்ல. கடைப் பெயரின் எழுத்துக்களை ஒட்டுவதற்கு!

எழுத்தை வெட்டுவது கம்ப்யூட்டர் எந்திரம். ஒட்டுவது மனிதன். எந்திரத்தைப் பார்த்து எல்லோரும் நாலடி தள்ளி நிற்கிறார்கள். பாட்டிலைப் பார்த்து யாரும் தள்ளி நிற்பது இல்லை. வினை அங்கேதான் இருக்கிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பெயிண்டர் போனார்

ஒரு காலத்தில் கடைக்கு போர்டு என்றால் பெயிண்டர் வருவார். ஏணி போடுவார். தகரத்தில் வெள்ளை அடித்து, நூல் பிடித்து, சாக்பீசால் கோடு கிழித்து, பிரஷ்சால் எழுதுவார். ஓரத்தில் தன் பெயரையும் "ஆர்ட்ஸ்" என்று போட்டுக் கொள்வார்.

பிறகு பிளக்ஸ் வந்தது. பெயிண்டர் ஏணியை மடக்கினார். இப்போது நகைக்கடை முதல் நாட்டு மருந்துக்கடை வரை, டாக்டர் வீட்டு வாசல் முதல் தாசில்தார் மேஜை வரை, எங்கு பார்த்தாலும் அக்ரிலிக் எழுத்து.

அக்ரிலிக் என்பது கண்ணாடி போலவே இருக்கும் ஒரு பிளாஸ்டிக். 1933-ல் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவரின் கம்பெனி இதை "பிளெக்சிகிளாஸ்" என்ற பெயரில் கொண்டு வந்தது. கண்ணாடியின் எடையில் பாதிகூட இல்லை. விழும் வெளிச்சத்தில் 92 சதவீதத்தை அப்படியே உள்ளே விடும். பின்னால் எல்.இ.டி. பல்பு வைத்தால் எழுத்து ஜொலிக்கும். பிறகு தகரத்தை யார் சீண்டுவார்கள்?

கடை போர்டில் தமிழ்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி உண்டு. தமிழுக்கு 5 பங்கு, ஆங்கிலத்துக்கு 3, வேறு மொழிக்கு 2 என்று கணக்கு. ஆகவே பட்டறைக்கு வரும் வேலையில் தமிழ் எழுத்து இல்லாத வேலை குறைவு. அதில்தான் எந்திரத்துக்கு சோதனையே!

எந்திரம் எப்படி வெட்டுகிறது?

ஆளைவிடப் பெரிய இரும்பு மேஜை. 8 அடிக்கு 4 அடி ஷீட் அப்படியே படுக்கும். மேஜைக்கு மேலே குறுக்கே ஒரு பாலம். பாலத்தில் தொங்குகிறது ஸ்பிண்டில் என்ற மோட்டார். அதன் வாயில் பென்சில் கனத்துக்கும் குறைவான ஒரு "பிட்".

இதுதான் சி.என்.சி. ரவுட்டர். பட்டறைக்காரர்கள் சுருக்கமாக "மெஷின்" என்பார்கள்.

மோட்டாருக்கு மூன்று திசை தெரியும். நீளவாக்கு, அகலவாக்கு, மேலும் கீழும். எங்கே போக வேண்டும், எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று எண்களால் கட்டளை போகிறது. கம்ப்யூட்டரில் எழுத்தை வரைந்து, பிட் போகும் பாதையைப் போட்டு, பென்டிரைவில் ஏற்றி, கைப்பெட்டியில் சொருகினால் சரி. இந்த வித்தைக்கு மூலம் அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்லூரி. 1952-ல் அங்கே ஓட்டை போட்ட காகித நாடாவைக் கொடுத்து ஒரு எந்திரத்தை தானாக இரும்பு செதுக்க வைத்தார்கள். ஹெலிகாப்டர் இறக்கை செய்யும் தொழிலில் இருந்த ஜான் பார்சன்ஸ் என்பவரின் யோசனை அது.

பிட் நிமிஷத்துக்கு 18 ஆயிரம் சுற்று சுற்றும். அதாவது கண் மூடித் திறக்கும் ஒரு விநாடியில் 300 சுற்று!

புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. "மெதுவாக விட்டால் சுத்தமாக வெட்டும்" என்று நினைப்பார்கள். நேர் எதிர்!

மெதுவாக விட்டால் பிட் ஒரே இடத்தில் தேய்க்கும். தேய்த்தால் சூடு. சுமார் 105 டிகிரி வந்ததுமே அக்ரிலிக் இளகும். இன்னும் சூடேறினால் உருகும். உருகியது பிட்டைச் சுற்றி ஜவ்வு மிட்டாய் மாதிரி ஒட்டிக் கொள்ளும். அடுத்தது "டப்" என்று ஒரு சத்தம். பிட் போச்சு. ஷீட்டும் போச்சு.

ஒவ்வொரு சுற்றுக்கும் பத்தில் ஒரு மில்லிமீட்டராவது சீவ வேண்டும். ஒரே வெட்டுவாய் உள்ள பிட்டாக இருந்தால் 18 ஆயிரம் சுற்றுக்கு 1,800 மில்லிமீட்டர். அதாவது நிமிஷத்துக்கு சுமார் 6 அடி ஓட விட வேண்டும். சீவல் வெளியே பறக்கும்போது சூட்டையும் தூக்கிக் கொண்டு போய்விடும். தூளாக விழுந்தால் வேகம் போதாது. சுருளாக, சீவலாக விழுந்தால்தான் வேலை சரி. பட்டறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எந்திரத்தைப் பார்ப்பது இல்லை. தரையைத்தான் பார்ப்பார்கள்.

ஷீட்டிலும் இரண்டு ஜாதி. வார்ப்பு ஷீட், இழுப்பு ஷீட். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். இழுப்பு ஷீட் விலை குறைவு. ஆனால் சீக்கிரம் இளகி பிட்டில் அப்பிக் கொள்ளும். வார்ப்பு ஷீட் கொஞ்சம் விலை கூட. ஆனால் சொன்னபடி கேட்கும்.

பால் கடை பல் கடை ஆனது!

தமிழ் எழுத்துக்கு வருவோம்.

உருண்டை பிட்டால் வளைவை அழகாக வெட்ட முடியும். உள்மூலையை கூராக வெட்ட முடியாது. "ப" எழுத்தின் உள்ளே இரண்டு மூலை. "ட" வில் ஒரு மூலை. 3 மில்லிமீட்டர் பிட் போனால் அந்த மூலை உருண்டுதான் நிற்கும். ண, ன எழுத்துக்களின் சுழியோ இன்னும் மோசம். சுழியின் ஓட்டை பிட்டைவிடச் சிறியதாக இருந்தால் பிட் உள்ளே போகவே போகாது. சுழி அடைத்துக் கொள்ளும். சின்ன எழுத்து கேட்டு வருகிறவர்களிடம் பட்டறைக்காரர்கள் தலையைச் சொறிவது இதனால்தான்.

அதைவிட வேடிக்கை புள்ளி. "க்", "ட்" எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புள்ளி வேண்டும். எழுத்தோடு ஒட்டாத தனித் துண்டு. சுண்டு விரல் நகம் அளவு. சுற்றி வெட்டி முடித்த அந்தக் கணமே அதைப் பிடிக்க ஆள் இல்லை. 300 சுற்று வேகத்தில் ஓடும் பிட் ஒரு தட்டு தட்டினால் புள்ளி பட்டறையின் அந்தக் கோடிக்கு பறக்கும்! ஆகவே அடியில் காகித கனத்துக்கு மிச்சம் வைத்து வெட்டுகிறார்கள். அல்லது இரண்டு பக்கமும் பசை உள்ள டேப்பை ஷீட்டுக்கு அடியில் ஒட்டி வெட்டுகிறார்கள்.

கால், கொம்பு எல்லாம்கூட தனித்தனித் துண்டுதான். ஒன்று விழுந்தாலும் கடைக்காரர் மானம் போகும். "பால் கடை" யில் கால் விழுந்தால் "பல் கடை". பஸ்சில் போகிறவர்கள் சும்மா விடுவார்களா?

நம்பர் பிளேட் விவகாரம்

இந்தப் பட்டறைகளுக்கும் போலீசுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. கறுப்பு அக்ரிலிக்கில் வெள்ளி எழுத்து, வளைந்து நெளிந்த எண்கள், தலைவர் படம் என்று மோட்டார் சைக்கிள் நம்பர் பிளேட்டுகள் ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்டன. மத்திய மோட்டார் வாகன விதிப்படி பிளேட் அலுமினியத்தில் இருக்க வேண்டும். 2019 ஏப்ரல் 1-ந்தேதிக்குப் பிறகு வந்த புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு பிளேட்தான். எண்ணை மறைக்கவும் திரிக்கவும் வசதியாக அக்ரிலிக் பிளேட் கேட்டு யாராவது வந்தால், விஷயம் தெரிந்த பட்டறைக்காரர் "அந்த வேலை வேண்டாம் தம்பி" என்று அனுப்பி விடுவது நல்லது. வெட்டியது எந்திரம் என்று ஸ்டேஷனில் சொல்ல முடியாது.

கண்ணில் தெறித்தால்...

எந்திரத்தில் ஆபத்து இல்லை என்று யாரும் சொல்லவில்லை. முதல் விதி: கையுறை போடக்கூடாது! கேட்பவர்கள் ஆச்சரியப்படுவார்கள். கையுறையின் நுனி பிட்டில் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துக் கொள்ளும். தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை, கழுத்தில் செயின் எதுவும் ஆகாது. இரண்டாவது: கண்ணுக்கு மூடுகண்ணாடி. சீவல் தெறிக்கும்.

இங்கே ஒரு அதிசயச் செய்தி. இரண்டாவது உலகப்போரில் இங்கிலாந்து போர் விமானங்களின் மேல்மூடி அக்ரிலிக்கில் இருந்தது. குண்டு பட்டு உடைந்ததில் விமானிகளின் கண்ணுக்குள் துண்டுகள் பாய்ந்தன. மற்ற பொருள் பாய்ந்தால் கண் சீழ் பிடித்து வீங்கும். அக்ரிலிக் துண்டு மட்டும் கம்மென்று கிடந்தது. இதைக் கவனித்தார் ஹரால்டு ரிட்லி என்ற கண் டாக்டர். 1949 நவம்பர் 29-ந்தேதி லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில், கண்புரை எடுத்த கண்ணுக்குள் அக்ரிலிக் லென்சை வைத்தார். நம் ஊர் பாட்டிமார்கள் "கண்ணில் லென்சு வச்சிருக்கு" என்று சொல்வது அந்த வழி வந்ததுதான். மதுரையில் 1992-ல் தொடங்கிய ஆரோலேப் அந்த லென்சுகளை குறைந்த விலையில் செய்ய ஆரம்பித்த பிறகுதான் ஏழைகளுக்கும் அது எட்டியது.

அதற்காக பட்டறைப் பையன் கண்ணாடி போடாமல் நிற்கலாம் என்று அர்த்தம் இல்லை. டாக்டர் வைப்பது மெருகேற்றிய லென்ஸ். எந்திரம் எறிவது கத்தி முனை.

மூக்குக்கு தெரியாத எமன்

இப்போது பாட்டிலுக்கு வருவோம்.

அக்ரிலிக்கை சாதாரண பசையால் ஒட்டினால் திட்டுத் திட்டாகத் தெரியும். குளோரோபாரம் பசை அல்ல. அது அக்ரிலிக்கையே கரைக்கும். இரண்டு துண்டுகளை சேர்த்துப் பிடித்து, இடுக்கில் ஊசியால் இரண்டு சொட்டு விட்டால் தானாகவே உள்ளே ஓடிவிடும். இரண்டு பக்கமும் கரைந்து ஒன்றாகும். திரவம் ஆவியாகிப் போய்விடும். சில நிமிஷத்தில் இரண்டு துண்டு ஒரே துண்டு. வேலை என்னவோ சுத்தம்தான்.

ஆவியாகிப் போனது எங்கே போனது? கேள்வி அதுதான்.

குளோரோபாரம் ஆவி காற்றைவிட சுமார் 4 மடங்கு கனம். மேலே போகாது. தண்ணீர் மாதிரி கீழே இறங்கி தரையில் தேங்கும். டிசைன் போடுகிறவர் நாற்காலியில் இருக்கிறார். ஒட்டுகிற பையன் எங்கே உட்காருகிறான்? தரையில், சம்மணம் போட்டு! கம்ப்யூட்டருக்காக ஏ.சி. போட்டு கதவையும் சாத்திவிட்டால் சொல்லவே வேண்டாம்.

"வாடை வந்தால் எழுந்து வெளியே போய்விட மாட்டார்களா?" என்று கேட்கலாம். தொழில் சுகாதார நிபுணர்கள் அமெரிக்காவில் வகுத்த எல்லை, பத்து லட்சம் பங்கு காற்றில் 10 பங்கு குளோரோபாரம். மனித மூக்குக்கு அதன் இனிப்பு வாடை தெரிய ஆரம்பிப்பதோ சுமார் 85 பங்கில். மூக்கு சொல்வதற்குள் எல்லை எப்போதோ தாண்டியாகிவிட்டது!

தலை கனக்கும். கிறுகிறுக்கும். சாப்பாடு பிடிக்காது. வருஷக்கணக்கில் போனால் ஈரலும் சிறுநீரகமும் கெடும். புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்ற பட்டியலிலும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதைச் சேர்த்திருக்கிறது. மது குடிப்பவர்களுக்கு ஈரல் சேதம் இன்னும் அதிகம். பகலெல்லாம் பட்டறையில் கட்டிங், ராத்திரி கடையில் "கட்டிங்" என்றால் ஈரல் எந்தக் கட்டிங்கை தாங்கும்?

சினிமா மாதிரி ஒரு நொடியில் யாரும் விழமாட்டார்கள் என்பதும் உண்மை. கைக்குட்டை வித்தை சுத்த ஹம்பக். ஆளை மயக்க நிமிஷக்கணக்கில் முகரச் செய்ய வேண்டும். ஆனால் மயக்கத்துக்கும் மரணத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி மிகச் சிறியது. 1847-ல் எடின்பரோ டாக்டர் ஜேம்ஸ் சிம்சன் இதை மயக்க மருந்தாகக் கொண்டு வந்தார். அடுத்த ஜனவரியிலேயே இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்கு ஆபரேஷன். என்ன ஆபரேஷன்? கால் நகம் எடுப்பது! குளோரோபாரம் கொடுத்த சில நிமிஷத்தில் உயிர் போய்விட்டது. இன்று ஆஸ்பத்திரிகள் இதைக் கைவிட்டுவிட்டன.

ஆஸ்பத்திரி தள்ளிவிட்டதை பட்டறை வைத்துக் கொண்டிருக்கிறது.

பாட்டில் பக்கத்தில் நெருப்பு

இன்னொரு திடுக்கிடும் விஷயம். ரவுட்டர் வெட்டிய ஓரம் மங்கலாக, பால் போல இருக்கும். பளபளப்பு வர, கேஸ் டார்ச் தீயை ஓரத்தில் லேசாக ஓட்டுகிறார்கள். அந்தத் தீ குளோரோபாரம் ஆவியைத் தொட்டால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். முதல் உலகப்போரில் சிப்பாய்களைக் கொல்ல விட்ட வாயு அது. 1984-ல் நாட்டையே உலுக்கிய போபால் ஆலையில் "மிக்" தயாரிக்கப் பயன்பட்ட மூலப்பொருள்களில் ஒன்றும் அதுவே. வெளிச்சமும் காற்றும் பட்டாலே குளோரோபாரம் கொஞ்சம் கொஞ்சமாக பாஸ்ஜீனாக மாறும். பழுப்பு பாட்டிலில் அது விற்கப்படுவது அழகுக்காக அல்ல.

தீ காட்டிய ஓரத்தில் உடனே குளோரோபாரம் விட்டால் தொழிலுக்கும் நஷ்டம். உள்ளே இறுகிக் கிடக்கும் விறைப்பு, மயிரிழை வெடிப்புகளாக வெளியே வரும். கட்சிக்காரர் போர்டை திருப்பிக் கொண்டு வருவார்.

தீயைப் பற்றிப் பேசும்போது மேன் தீவு ஞாபகம் வராமல் போகாது. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் உள்ள அந்தத் தீவில் 1973 ஆகஸ்டு 2-ந்தேதி சம்மர்லேண்ட் என்ற உல்லாசக் கூடம் எரிந்தது. 50 பேர் பலி. அதன் சுவரிலும் கூரையிலும் இருந்தது அக்ரிலிக் ஷீட்! மாடிப்படிக்கு கீழே ஷீட்டையும் சீவல் மூட்டையையும் அடுக்கி வைக்கும் பட்டறைகள் இதை மனதில் வைக்க வேண்டும்.

லேசரில் வேறு விதம்

ரவுட்டருக்குப் போட்டியாக லேசர் எந்திரமும் வந்துவிட்டது. ஒளியால் சுட்டு வெட்டும். ஓரம் வெட்டும்போதே பளபளக்கும். அக்ரிலிக் வரை சரி. போர்டு வேலையில் புழங்கும் நுரை பி.வி.சி. ஷீட்டை அதில் வைத்தால் வந்தது வினை. சூடு பட்ட பி.வி.சி. ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும். மூச்சுக்குழாயும் எரியும், எந்திரமும் துருப்பிடிக்கும். ரவுட்டர் சுடாமல் சீவுவதால் அதில் இந்த வாயு கிடையாது. தூளை மூச்சில் இழுக்காமல் இருந்தால் போதும்.

எது பி.வி.சி. என்று சந்தேகமா? செம்புக் கம்பியை சிவக்கக் காய்ச்சி, ஷீட்டின் ஓரத்தில் தொட்டு, மறுபடி தீயில் காட்ட வேண்டும். பச்சை ஜுவாலை வந்தால் குளோரின் இருக்கிறது. அந்த ஷீட் லேசர் பக்கமே போகக்கூடாது.

சட்டம் எட்டிப் பார்க்காது

1948-ம் வருஷத்து தொழிற்சாலை சட்டம் மின்சாரம் வைத்து 10 பேர் வேலை செய்யும் இடத்தைத்தான் தொழிற்சாலை என்றது. 2020-ல் நிறைவேறிய சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்தியது. போர்டு பட்டறையில் எத்தனை பேர்? முதலாளி, டிசைனர், மெஷின்மேன், ஒட்டுகிற பையன், மாட்டப் போகிற இரண்டு பேர். எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். இன்ஸ்பெக்டரும் வரமாட்டார்.

செய்ய வேண்டியதோ பெரிய செலவு இல்லை. புகைபோக்கி மின்விசிறியை மேலே அல்ல, தரையை ஒட்டி சுவரில் வைக்க வேண்டும். ஒட்டுவது மேஜை மீது நடக்க வேண்டும். பாட்டில் மூடியோடு இருக்க வேண்டும். டீ கிளாசில் ஊற்றி வைக்கும் பேச்சே கூடாது. கேஸ் டார்ச் வேறு அறையில். துணி முகமூடி இந்த ஆவிக்கு சல்லடை மாதிரி. கரி அடைத்த குப்பி வைத்த முகமூடிதான் பிடிக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. அது எந்திரத்திடமே இருக்கிறது.

எழுத்தை வெட்டும் அதே ரவுட்டர், அடி ஷீட்டில் அதே எழுத்தின் அச்சில் 1 மில்லிமீட்டர் பள்ளமும் வெட்டும். எழுத்து அதில் கிச்சென்று உட்காரும். பின்னாலிருந்து திருகு கொடுத்தால் குளோரோபாரம் சொட்டு சொட்டாகக்கூட வேண்டாம். வீட்டு வாசல் பெயர்ப்பலகை என்றால் ஒட்டுவதே தேவை இல்லை. ஷீட்டின் முதுகில் பெயரை கண்ணாடியில் பார்ப்பது போல திருப்பிப் போட்டு, "வி" பிட்டால் அரை மில்லிமீட்டர் செதுக்கினால் போதும். ஓரத்தில் எல்.இ.டி. வைத்தால் வெளிச்சம் ஷீட்டுக்குள்ளேயே ஓடிவந்து, செதுக்கிய இடத்தில் மட்டும் வெளியே குதிக்கும். பெயர் அந்தரத்தில் எரிகிற மாதிரி இருக்கும். பார்க்கிறவர்கள் "என்ன விலை?" என்று கேட்கிற வேலை அது.

பள்ளம் வெட்ட எந்திரம் கூடுதலாக அரை மணி நேரம் ஓட வேண்டும். அந்த அரை மணிதான் தகராறு.

"அண்ணே, சாயந்தரம் ஆறு மணிக்கு கடை திறப்பு. போர்டு ரெடியா?" என்று வாசலில் ஆட்டோ வந்து நிற்கும்போது, கை தானாக பாட்டிலைத்தான் தேடுகிறது.